உள்ளான் வேட்டைக்குப் போனவர்

நான் கல்யாணமாகி அந்த ஊருக்குப் போன வருஷம் நல்ல மழை. ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றுக்கும் மலைக்கும் நடுவில் இருந்த சின்ன ஊர் அது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. எங்கள் சேரி ஏரியின் வடகோடியில், கரை முடிந்து தரை மேடாகும் இடத்தில் இருந்தது. வாசலில் நின்றால் தண்ணீர் தெரியும். நான் பிறந்த ஊரில் ஏரி கிடையாது. கிணற்றையும் கரட்டையும் பார்த்து வளர்ந்தவள் நான். அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்தபோது முதலில் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் கணவர், மாமியார், நான். மாமியார் சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள். ஒரே பிள்ளை. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்போம். ஊருக்கு அடுத்தாற்போல் ஒரு சாயபுவின் ஷாப்பு இருந்தது. மாமியார் அங்கே ஆவாரம்பட்டை இடிக்கும் வேலை செய்தாள். என் கணவர் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டிப் போடும் வேலை செய்தார். நாங்கள் கிறிஸ்தவர்கள். மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை நான் படித்திருந்ததால், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதப் புத்தகம் வாசிக்கச் சொல்வார்கள். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நான் தப்பில்லாமல் வாசித்து முடிக்கிற வரைக்கும் தலையைக் குனிந்தபடியே இருப்பார்.

ஏரியில் பலவகைப் பறவைகள் வரும். கோரைப்புல் ஓரத்தில் அசையாமல் நிற்கும் குருட்டுக் கொக்கு, நீளமான சிவந்த கால்களோடு தண்ணீரில் நடக்கும் பவளக்காலி, சேற்றில் அலகை ஊசிபோலக் குத்திக் குத்தி எடுக்கும் உள்ளான். எல்லாவற்றிலும் எனக்கு முதலில் பழக்கமானது ஆள்காட்டிதான். மண் நிற முதுகு, கறுத்த கழுத்து, கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதை. மனுஷர் யார் அந்தப் பக்கம் போனாலும் தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தும். ஷாப்பிலிருந்து ஆட்கள் கரைமேல் திரும்பி வருகிறார்கள் என்பது அதன் சத்தத்தில்தான் எங்களுக்குத் தெரியும். நான் உலையை இறக்குவேன். விடியலில் பெண்கள் ஒதுக்குப்புறம் போனாலும் அது விடாது. "இன்னாத்துக்குடி இத்த ஊருக்கே தண்டோரா போடுது" என்று சிரித்துக்கொண்டு மண்ணாங்கட்டியை எடுத்து எறிவோம். எறிந்தாலும் அது தூரப் போகாது.

மார்கழி பிறந்தால் துரைமார்கள் உள்ளான் சுட வருவார்கள். ஏரிக்குக் கீழே அறுவடையான வயல்களில் தண்ணீர் நிற்கும். அந்தத் தாளடியில் உள்ளான்கள் கூட்டமாக இறங்கியிருக்கும். ஷாப்பு சாயபுதான் துரைமார்களை அழைத்துவருவார். அவருக்கு அதிகாரிகளின் தயவு வேண்டியிருந்தது. தலையாரி சேரிக்கு வந்து ஆட்களைக் கூப்பிடுவான். அவர்கள் துப்பாக்கிகளுக்கு முன்னால் வரிசையாகச் சேற்றில் நடந்து பறவைகளைக் கலைக்க வேண்டும். கலைந்து எழும்பும்போது துரைமார்கள் சுடுவார்கள். யாரும் வேண்டாமென்று சொன்னதில்லை. சொல்ல முடியும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை. ஷாப்பு வேலையின் நாற்றத்திலிருந்து ஒரு நாள் வெளியே நடப்பது என் கணவருக்குப் பிடித்தும் இருந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது கிறிஸ்துமஸ். பண்டிகைக்கு மறுநாள் துரைமார்கள் வந்தார்கள். மூன்று துப்பாக்கிகள். சேரிப் பெண்கள் சிலர் வேடிக்கை பார்க்கக் கரைமேல் போய் நின்றோம். மாமியார் வேலைக்குப் போயிருந்தாள். கீழே வயலில் ஆட்கள் வரிசையாக நடந்தார்கள். என் கணவர் வரிசையின் கடைசியில், வரப்பை ஒட்டி நடந்தார். பண்டிகைக்கு எடுத்த புது வேட்டியை மடித்துக் கட்டியிருந்ததால் தூரத்திலும் எனக்கு அவரைத் தெரிந்தது.

முதலில் நன்றாகத்தான் நடந்தது. உள்ளான்கள் சர்ரென்று எழும்பி, கோணலும் மாணலுமாகப் பறந்தன. சில விழுந்தன. பிறகு ஒரு ஜோடி ஆள்காட்டிகள் ஏரிப் பக்கமிருந்து வந்து துரைமார்களின் தலைக்கு மேலே கத்தத் தொடங்கின. அந்தச் சத்தம் கேட்டதும் தூரத்து வயல்களில் இருந்த உள்ளான்களெல்லாம் துப்பாக்கி எட்டும் முன்பே எழும்பிப் போய்விட்டன. வரிசை நின்றது. மறுபடி நடந்தது. மறுபடி ஆள்காட்டிகள் வந்தன. துரைமார்களில் இளையவர் ஏதோ கத்தினார். கரையிலிருந்த நாங்கள் சிரித்தோம். ஒரு ஆள்காட்டி தணிந்து பறந்து வரப்பின் மேலாகப் போனது. இளைய துரை துப்பாக்கியை அதன் பின்னாலேயே திருப்பிக்கொண்டு போய்ச் சுட்டார்.

என் கணவர் உட்கார்ந்தார். காலில் முள் குத்தினால் பிடுங்க உட்காருவோமே, அப்படித்தான் உட்கார்ந்தார். நானும் முள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் நடந்தவர் அவரிடம் ஓடுவதைப் பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பெண் என் கையைப் பிடித்து, "ஐயோ, உன் வூட்டுக்காரருடி" என்றாள்.

கரையிலிருந்து நான் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. நான் போனபோது அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. கத்தவில்லை. "தண்ணி குடு, தண்ணி குடு" என்றுமட்டும் சொன்னார். இளைய துரை தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றில் மண்டியிட்டுத் தன் தண்ணீர்க் குப்பியைச் சாய்த்து முகத்தைக் கழுவினார். என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ திரும்பத் திரும்பச் சொன்னார். சாயபுதான் அதை எனக்குச் சொன்னார்: "பட்சியச் சுட்டாராம்மா. ஆளப் பாக்கலையாம்."

சாயபு தன் வண்டியிலேயே எங்களை ஆம்பூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். ரயிலில் காட்பாடி, அங்கிருந்து ஜட்கா பிடித்து வேலூர் ஆஸ்பத்திரி. வழியெல்லாம் அவருடைய தலை என் மடியில் இருந்தது. கட்டியிருந்த துணிக்கு மேலே கையை வைத்து, "இன்னா, இருட்டிப்போச்சா?" என்று கேட்டார். வெயில் ஜன்னல் வழியாக அவர் மார்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. "ஆமா, இருட்டிப்போச்சு" என்றேன்.

இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். வலது கண்ணுக்குள் ஒரு துப்பாக்கி ரவை தங்கிவிட்டது. அதைத் தொட்டால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டரம்மா சொன்னார். கொஞ்ச காலம் அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் எது, நிழல் எது என்றுமட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் மங்கிப்போனது. இளைய துரை ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார். பின்னர் தலையாரி மூலமாக ஒரு கம்பளி அனுப்பினார். மாமியார் அதை வாங்கிக்கொள்வாளா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாங்கி, உதறி, மகனுக்குப் போர்த்தினாள். குளிர்காலம் அது. வேறு கம்பளி எங்களிடம் இல்லை.

ஊரில் எல்லோரும் பறவையைத்தான் திட்டினார்கள். அது கத்தாமல் இருந்திருந்தால், அது தணிந்து பறக்காமல் இருந்திருந்தால் என்று பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். துரையைத் திட்ட முடியாது. சாயபுவைத் திட்ட முடியாது. பறவையைத் திட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கும் அந்தச் சத்தம் கேட்டால் உடம்பெல்லாம் எரியும். ஒருநாள் வாசலில் நின்று கல்லை எடுத்து வீசி, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உள்ளே பாயில் படுத்திருந்த அவர், "வுடு. அது கையில துப்பாக்கி இருந்திச்சா?" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான்.

அந்த வீட்டிலிருந்து ஒரு சொல் காணாமல் போனது. முன்பெல்லாம் மாமியார் ஏரியைப் பார்த்துக்கொண்டு, குருட்டுக் கொக்கு எத்தனை நிற்கிறது பார் என்பாள். ஊரில் எல்லோரும் சொல்கிற பெயர்தான். மகன் கண்ணிழந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அப்படிச் சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வாயில் அந்தக் கொக்கின் பெயர் மடையான்தான். நானும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டேன். அவர் கவனித்தாரா என்று தெரியாது. கேட்டதில்லை.

சித்திரை வந்தது. ஏரித் தண்ணீர் நடுப்பள்ளத்துக்குச் சுருங்கி, ஓரமெல்லாம் வெடித்த தரையும் கூழாங்கல்லுமாக ஆகிவிட்டது. அதுவரை அவர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. சாப்பிடுவார், படுப்பார், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஒருநாள் விடியும் முன்பே நான் அவரை எழுப்பி, "வாங்க, தண்ணி வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்றேன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றதால்தான் சம்மதித்தார். என் தோளில் கை வைத்து நடந்தார். வெளுத்துக்கொண்டு வந்த நேரம். ஏரித் தரையில் பாதி தூரம் போயிருப்போம். ஆள்காட்டி கத்திக்கொண்டு எழும்பியது. இன்னொன்றும் வந்தது. அன்று அவை வட்டமிட்டதோடு நிற்கவில்லை. நேராக எங்கள் முகத்தை நோக்கிப் பாய்ந்து, கடைசி நிமிஷத்தில் விலகின. இறக்கையின் காற்று என் கன்னத்தில் பட்டது.

அவர் நின்றுவிட்டார். ஒரு காலைத் தூக்கியவர் அதைக் கீழே வைக்கவில்லை.

"முட்டை வச்சிருக்குது" என்றார். "பக்கத்துலதான் எங்கியோ இருக்கும். பாரு."

நான் குனிந்து பார்த்தேன். எல்லாம் கல்லாகத்தான் தெரிந்தது. அந்த முட்டை கல்லின் நிறம், கல்லின் புள்ளி. தரையில் சின்னப் பள்ளம் பறித்துச் சுற்றி நாலு பொடிக்கல் வைத்திருக்கும், அவ்வளவுதான் கூடு.

"எனக்கும் ஒண்ணும் தெரியல" என்றேன்.

"நல்லாப் பாரு. கால எங்க வெக்கறது நானு?"

என் தோளைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. மேலே அவை கத்திக்கொண்டே இருந்தன. ஒற்றைக் காலில் நின்றவரை என்னால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? நான் தரையில் முழங்காலிட்டு, அவர் காலுக்கு அடியிலிருந்த ஒவ்வொரு கல்லையும் கையால் தடவிப் பார்த்தேன். ஒன்று வழவழப்பாக, கதகதப்பாக இருந்தது. அவருடைய குதிகாலுக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை. நான் அவர் பாதத்தைப் பிடித்து, பின்னால் இழுத்து வைத்தேன். வந்த தடத்திலேயே அவரைத் திருப்பிக் கூட்டிப்போனேன். கரையில் போய் உட்கார்ந்த பிறகுதான் சத்தம் அடங்கியது. ஒரு பறவை இறங்கி, அங்குமிங்கும் ஓடுவதுபோல் ஓடி, கடைசியில் அந்த இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

"உக்காந்திடுச்சா?" என்று கேட்டார்.

"உக்காந்திடுச்சு."

அவர் அழுதார். சூடுபட்ட நாளிலிருந்து அன்றுதான் முதல் தடவை. கண்ணில்லாத குழியிலிருந்தும் தண்ணீர் வந்தது. அது வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் முந்தானையால் துடைத்தேன். வெயில் ஏறும் வரைக்கும் கரையில் உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவர் தன் அம்மாவிடம், "நைனாவுக்கு ஒரு ஒலக்கை கெடைக்குமான்னு ஷாப்புல கேளும்மா" என்றார். மாமியார் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவாள். தன்னையே அப்படிச் சொல்லிக்கொண்டது கேலிக்கா, கெஞ்சலுக்கா என்று எனக்குப் புரியவில்லை. மாமியாருக்குப் புரிந்தது. அன்றே சாயபுவிடம் போய்க் கேட்டாள். அடுத்த வாரத்திலிருந்து அவர் பட்டை இடிக்கும் கொட்டகைக்குப் போனார். கல் உரலில் ஆவாரம்பட்டையைப் போட்டுப் பூண்போட்ட உலக்கையால் இடிக்க வேண்டும். எதிரே மாமியார் நிற்பாள். இருவரும் மாற்றி மாற்றிக் குத்துவார்கள். முதல் சில நாள் உலக்கையோடு உலக்கை மோதிக்கொண்டது. பிறகு பழகிவிட்டது. நானும் பட்டை அள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன்.

மறுபடி மழை வந்து, மறுபடி மார்கழி பிறந்தது. இளைய துரை மாற்றலாகிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். அதனால் வேட்டை இருக்காது என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கோயிலுக்குப் புறப்படும் நேரம், கீழ்வயலில் துப்பாக்கி வெடித்தது. துணி மடித்துக்கொண்டிருந்த அவர் அப்படியே கீழே விழுந்தார். முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் சுருண்டார். அடுத்த வெடிச் சத்தத்தில் அவர் வேட்டி நனைந்துபோனது. மாமியார் கதவைச் சாத்திவிட்டு, வேறு வேட்டி எடுத்துக் கொடுத்தாள். அன்று யாரும் கோயிலுக்குப் போகவில்லை. புதிய துரைமார்கள் வந்திருக்கிறார்கள், அடுத்த ஞாயிறும் வருவார்கள் என்று தலையாரி ஆள் கூப்பிட்டபோது சொல்லியிருந்தானாம்.

மாமியார் அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் பட்டைக் கொட்டகையில் வேலை முடிந்து கை கழுவும்போது, பக்கத்திலிருந்த பெண்களிடம் சாதாரணமாகச் சொன்னாள்: "நாளைக்கு விடிஞ்சதும் நான் கீழ்வயலுக்குக் கீரை பறிக்கப் போறேன். தாளடியில பொன்னாங்கண்ணி ஜாஸ்தி கெடக்குது. வர்றவங்க வாங்க."

ஒருத்தி கேட்டாள்: "நாளைக்குத் துரைங்க வருவாங்களே."

"வரட்டும். அவங்களுக்கு முன்னால நாம பறிச்சிட்டு வந்துடலாம்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடியலில் நான் கூடையோடு வெளியே வந்தபோது, சேரியில் பாதிப் பெண்கள் நின்றிருந்தார்கள். சிலர் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். நாங்கள் வயலில் இறங்கினோம். முழங்கால் வரை சேறு. கீரை பறித்தோம், நத்தை பொறுக்கினோம், சத்தமாகப் பேசினோம். ஒருத்தி பாட்டுக்கூடப் பாடினாள். காலடியில் உள்ளான்கள் சர்சர்ரென்று எழும்பிப் போயின. ஆள்காட்டிகள் வந்தன. எங்களைப் பின்தொடர்ந்து வயல் வயலாகக் கத்தின. அந்தச் சத்தம் போகப் போக முன்னால் இருந்த வயல்களும் காலியாகின. நான் நின்று பார்த்தேன். தெற்கே மலையை நோக்கி உள்ளான்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வருஷமாக அந்தக் கத்தல் கேட்டாலே எரிந்த என் உடம்பு அன்று எரியவில்லை.

துரைமார்கள் வெயில் ஏறித்தான் வந்தார்கள். வயல்களைச் சுற்றினார்கள். ஒரு வெடிகூடக் கேட்கவில்லை. வீட்டில் அவர் கதவோரம் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். மதியம் தாண்டியும் சத்தம் வராததைப் பார்த்து, "போய்ட்டாங்களா?" என்று கேட்டார். "போய்ட்டாங்க" என்றாள் மாமியார். கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் முதலில் தலையாரி வந்தான். வாசலில் நின்று கத்தினான். "இன்னா அக்கிரமம் இது? துரைங்க வர்ற அன்னிக்கா கீரை பறிப்பீங்க? சாயபு எவ்ளோ பேஜாராயிட்டாரு தெரியுமா?"

"பேஜாராயிட்டாருன்னா அவர வரச் சொல்லு" என்றாள் மாமியார்.

அவர் வருவார் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. முதலாளி சேரிக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் இருட்டும் முன்பே சாயபு வந்தார், தனியாக, நடந்தே. நான் மணையை எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"இன்னாம்மா" என்று மாமியாரிடம் சொன்னார், "உங்க குடும்பத்துக்கு நான் இன்னா கொறை வெச்சேன்? ஆஸ்பத்திரிக்கு நான்தானே கொண்டுபோனேன்? கண்ணு தெரியாதவனுக்கு வேலை குடுத்தேன். பெரிய மனுஷங்க முன்னால எனக்குத் தலைகுனிவு பண்ணிட்டீங்களே."

அவர் சொன்னது எல்லாமே உண்மைதான். அதனால்தான் மாமியாரால் பேச முடியவில்லை என்று நினைக்கிறேன். நான் பேசினேன். போன ஞாயிற்றுக்கிழமை வெடிச் சத்தம் கேட்டதும் என் கணவருக்கு என்ன ஆனது என்று, எதையும் மறைக்காமல், அந்த வேட்டி உட்பட, சொன்னேன். முதலாளி முன்னால் ஒரு பெண் அப்படிப் பேசுவது வழக்கமில்லை.

சாயபு உள்ளே பார்த்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த என் கணவர் எழுந்து நின்றார். சாயபு தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, "சரிம்மா. எனக்குத் தெரியாது. இனிமே இந்த ஏரிக்கு அவங்களக் கூட்டி வரல. மேல வேற ஏரி இருக்குது, அங்க கூட்டிப் போறேன்" என்றார்.

எனக்கு அது போதும் என்று இருந்தது. மாமியாரும் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போது உள்ளே இருந்து என் கணவர் கேட்டார்:

"சாயபு, அங்கயும் ஆளுங்கதானே முன்னால நடப்பாங்க?"

சாயபு வாசலைத் தாண்டி இறங்கியவர் அப்படியே நின்றார். அவர் என்ன பதில் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கரைமேல் ஏறிப் போனார்.

வேட்டை நின்றுவிடவில்லை. மேல் ஏரியில் நடந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் வெடிச் சத்தம் மெல்லக் கேட்கும். ஆனால் மேல் ஏரி ஊரிலிருந்து எங்கள் ஷாப்புக்கு வேலைக்கு வந்த ஒருவர் சொன்னார், இப்போதெல்லாம் ஆட்கள் துப்பாக்கிக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும், முன்னால் போகக் கூடாது என்று சாயபு உத்தரவு போட்டிருக்கிறாராம், துரைமார்களுக்கு அது பிடிக்கவில்லையாம். அவ்வளவுதான் ஆனது. என் கணவர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு உலக்கையை எடுத்தார்.

எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். அவள் தவழ ஆரம்பித்த காலத்தில் பெரிய சண்டை வந்தது. பட்டாளத்துக்கு பூட்ஸும் பெல்ட்டும் வேண்டுமென்று தோலுக்குக் கிராக்கி ஏறியது. ஷாப்பு இரண்டு மடங்காயிற்று. தொட்டிகள் கூடின. இராப்பகல் வேலை. பட்டைத் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீரும் வாய்க்காலில் ஓடி, ஏரியின் மேல்கோடியில் ஒரு குட்டையாகத் தேங்கின. அந்தத் தண்ணீர் தேயிலைச் சாயம்போல் சிவந்திருக்கும். நாற்றம் தாங்காது. சண்டை முடிந்து வேலை குறைந்த பிறகும் அந்தக் குட்டை வற்றவே இல்லை. ஏரி காய்ந்துபோன வருஷங்களிலும் அதில்மட்டும் தண்ணீர் நிற்கும்.

மாமியார் ஒரு கோடையில் கண்ணை மூடினாள். கடைசி நாள் வரைக்கும் பட்டை இடித்தவள். அதற்குப் பிறகு அவருக்கு எதிரே உரலில் நான் நின்றேன். எங்கள் பெண் வளர்ந்து, என்னைப்போலவே மிஷன் பள்ளியில் படித்தாள். என்னைவிட அதிகம் படித்தாள்.

அவருடைய கடைசி மழைக்காலத்தில், வேலை முடிந்து ஒருநாள் குட்டைப் பக்கமாக வந்துகொண்டிருந்தோம். பறவைகளின் சத்தம் கேட்டு அவர் நின்றார். "யாரு அது?" என்று கேட்டார். மனுஷரைக் கேட்பதுபோல்தான் எப்போதும் கேட்பார். நான் பார்த்தேன். குட்டை முழுவதும் பவளக்காலிகள். அந்தச் சிவந்த தண்ணீரில், தங்கள் சிவந்த கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து நடந்துகொண்டிருந்தன. மேலே மொய்த்த ஈக்களையும் பூச்சிகளையும் கொத்தின. ஏரித் தண்ணீரில் நான் அத்தனை பவளக்காலிகளைச் சேர்ந்து பார்த்ததில்லை.

"பவளக்காலிங்க" என்றேன். "குட்டையில மேயுது."

"இந்தத் தண்ணியிலயா?" அவர் நம்பவில்லை. மூக்கைச் சுளித்தார். "செத்துடாது?"

"சாகல. நல்லாத்தான் துன்னுது."

அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். அந்தத் தண்ணீர் அவற்றுக்கு நல்லதா கெட்டதா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. வேறு தண்ணீர் அந்த வருஷம் கிட்டத்தில் இல்லை என்பதுமட்டும் தெரியும்.

"துன்னுட்டுப் போவட்டும்" என்றார் கடைசியில். "அதுங்களையும் யாரும் போன்னு சொல்ல வேணாம்."

அடுத்த ஆடியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரம்கூடப் படுக்கவில்லை. ஷாப்பு ஆட்கள்தான் அவரைக் கல்லறைக்குத் தூக்கிப் போனார்கள். பட்டைச் சாயம் ஏறிய கைகள் எல்லாம். சாயபு அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். அவர் மகன் வந்து, கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே மற்றவர்களோடு நின்றார். நான் பயப்பட்டதுபோல வீடு அவ்வளவு வெறிச்சென்று ஆகிவிடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படிக்க என் பெண்ணுக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா போன துக்கத்தில் போக மாட்டேன் என்று அழுதாள். ஒரு மாதம் கழித்து நானே அவளை ரயிலேற்றி, காட்பாடி வரைக்கும் கூடப் போய்விட்டு வந்தேன். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். உரலில் எனக்கு எதிரே புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் நின்றாள். முதல் நாள் எங்கள் உலக்கைகள் மோதிக்கொண்டே இருந்தன.